எண்பதாயிரம் பலகைகளும் சாத்தாத ஜன்னல்களும்

மழை பிடித்துக்கொண்டால் மரக்கதவு நிலையோடு இறுகிவிடும். தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். வெயில் திரும்பிப் பத்து நாள் போனால் அதே கதவு தானாக இளகிக்கொள்ளும். இதை எல்லோரும் பார்த்திருப்போம். இன்னொன்றையும் பார்த்திருப்போம். பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டிவைத்த புத்தகங்களில் அந்த மழைக்காலத்தில் பூஞ்சணம் பூத்திருக்கும். திண்ணையில் கேட்பாரற்றுக் கிடந்த மணைப்பலகைக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. பத்திரப்படுத்தியது கெடுகிறது, காற்றில் கிடந்தது பிழைக்கிறது. ஈரம் வெளியில்தானே அதிகம்? பிறகு ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய அளவில் விடை வைத்திருக்கும் இடம் தென்கொரியாவின் கயாசான் மலையில் இருக்கிறது. 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த பாறைச் சிகரங்கள், அவற்றின் அடியில் பைன் காடு, காட்டின் நடுவே ஹொங்ன்யூதோங் என்ற பள்ளத்தாக்கு. இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகளின் சிவப்பில் ஓடைத் தண்ணீரே சிவந்து தெரியும் என்று பெயர்பெற்ற பள்ளத்தாக்கு அது. ஓடையைத் தொடர்ந்து மேலே போனால் ஹேயின்சா என்ற பௌத்த மடாலயம் வரும். 802ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. படிப்படியாக ஏறும் அதன் முற்றங்களைக் கடந்து, புத்தர் வீற்றிருக்கும் தலைமைக் கூடத்துக்கும் பின்னால், அதைவிட உயரமான தளத்தில், அலங்காரம் ஏதுமில்லாத இரண்டு நீண்ட மரக் கட்டடங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 650 மீட்டர் உயரம். முன்னால் இருப்பது சுதாராஜாங், பின்னால் இருப்பது பொப்போஜோன். ஒவ்வொன்றும் சுமார் 60 மீட்டர் நீளம், ஒன்பது மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். இரு ஓரங்களிலும் இரண்டு சிறு கட்டடங்கள். நான்கையும் சேர்த்து ஜாங்க்யோங் பான்ஜோன் என்கிறார்கள். சுவடிப் பலகைகளின் மண்டபம்.

உள்ளே இருப்பவை 81,000க்கும் மேற்பட்ட அச்சுப் பலகைகள். பௌத்தத் திரிபிடகத்தின் சீன மொழி வடிவம் முழுவதும் அவற்றில் இருக்கிறது. மை தடவித் தாளை ஒற்றினால் எழுத்து நேராக விழ வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் எழுத்தும் இடவலம் மாற்றிச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பலகை ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் நீளம், 24 சென்டிமீட்டர் உயரம், மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனம். பக்கத்துக்கு 23 வரி, வரிக்கு 14 எழுத்து, இரு பக்கமும் செதுக்கல். மொத்தம் ஐந்து கோடிக்கு மேல் எழுத்துகள்.

இதைச் செதுக்கிய காலம் போர்க்காலம். 11ஆம் நூற்றாண்டில் கோர்யோ அரசு செதுக்கிய முதல் தொகுதியை 1232இல் மங்கோலியப் படை எரித்துவிட்டது. அரசவை கங்ஹ்வா தீவுக்கு ஒதுங்கியிருந்த அந்த நாட்களில், 1236இல், எரிந்ததை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். 1251இல் பணி முடிந்தது. சுகி என்ற துறவி தலைமையில், சோங் பதிப்பு, கித்தான் பதிப்பு, தங்கள் பழைய பதிப்பு மூன்றையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார்கள். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பு அடங்குவதில்லை. பலகைகள் 1398இல் கங்ஹ்வாவிலிருந்து தெற்கே கொண்டுவரப்பட்டு இந்த மலைக்கு ஏறின. இப்போது நிற்கும் கட்டடங்கள் 1457இல் சேஜோ மன்னர் காலத்தில் விரிவாக்கப்பட்டு, 1488இல் புதுப்பித்துக் கட்டப்பட்டவை. மடாலயத்தின் மற்றப் பகுதிகள் பலமுறை தீயில் போயின. 1817இன் தீ அநேகமாக எல்லாவற்றையும் அழித்தது. பலகை மண்டபங்களை மட்டும் தீ தொடவில்லை. 1951இல், கொரியப் போரின் நடுவே, மலையில் பதுங்கிய கெரில்லாக்களைத் தாக்க மடாலயத்தின் மேல் குண்டு போடும்படி உத்தரவு வந்தபோது, விமானப் படை அதிகாரி கிம் யோங்-ஹ்வான் போட மறுத்தார். அவருக்கு நாம் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம்.

நெருப்புக்குத் தப்பியதை மனிதரின் துணிவு என்றும் நல்லூழ் என்றும் சொல்லிவிடலாம். ஈரத்துக்குத் தப்பியதை அப்படிச் சொல்ல முடியாது. கொரியாவில் ஜூன் இறுதியிலிருந்து ‘ஜாங்மா’ என்ற மழைப்பருவம் வாரக்கணக்கில் கொட்டும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கோடையில்தான் விழுகிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் காற்று மரத்தைப் பிளக்குமளவு வறண்டது. இந்த இரண்டுக்கும் நடுவே அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பலகைகள் நிற்கின்றன. ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, தாள் கிடையாது, சாத்தும் கதவும் கிடையாது. செங்குத்து மரச்சட்டங்கள் மட்டுமே. மழைக்காலக் காற்று தாராளமாக உள்ளே வந்து போகிறது.

இது எப்படிச் சாத்தியம் என்பதற்கு மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெட்டுண்ட பின்னும் மரம் தண்ணீரோடு உறவை விடுவதில்லை. அதன் உடல் முழுக்க நுண்குழல்கள். குழல்களின் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. அந்த இழைகள் நீர் மூலக்கூறுகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் குணமுடையவை. காற்றில் ஈரம் கூடினால் வாங்கிப் பருக்கின்றன, குறைந்தால் கொடுத்துச் சுருங்குகின்றன. நம் கதவு இறுகுவதும் இளகுவதும் இதனால்தான். காற்றின் ஈரத்தை ‘ஒப்பு ஈரப்பதம்’ என்ற அளவால் சொல்கிறோம்: அந்த வெப்பநிலையில் காற்று உச்சமாக எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை விழுக்காடு இப்போது இருக்கிறது என்பது. 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் ஒரு மரத்துண்டை நெடுநாள் விட்டுவைத்தால், உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 12 விழுக்காடு அளவுக்கு அது தண்ணீர் ஏற்று, அதற்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும். இதைச் ‘சமநிலை ஈரம்’ எனலாம். காற்று 80 விழுக்காடானால் மரம் 16 அளவில் நிற்கும். 90 ஆனால் 20ஐ ஒட்டும்.

இந்த 20 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு நான்கு தேவைகள்: உணவு, உயிர்வளி, மிதமான வெப்பம், தண்ணீர். உணவு மரமேதான், உயிர்வளியையும் வெப்பத்தையும் மலைமேல் யாரும் நிறுத்திவைக்க முடியாது. மிஞ்சுவது தண்ணீர் ஒன்றுதான். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சை வேலையைத் தொடங்குவதில்லை. ஆக, மழைக்காலத்து 80 விழுக்காடு ஈரக் காற்றில் நின்றாலும் பலகையின் ஈரம் 16தான். ஆபத்துக்கு இன்னும் இடைவெளி இருக்கிறது. காற்று ஈரமாக இருப்பதாலேயே மரம் மக்கிவிடாது. இதுதான் பலருக்கும் எளிதில் நம்ப முடியாத இடம்.

அப்படியானால் பீரோவுக்குள் என்ன நடந்தது? அங்கேதான் இரண்டாவது கருத்து வருகிறது. 25 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றை அப்படியே குளிரவிட்டால், 21 டிகிரியை நெருங்கும்போது அது தாங்கும் எல்லை நிரம்பி, நீராவி துளியாகப் படியத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் ‘பனிநிலை’ என்று பெயர். நான்கு டிகிரி குளிர்ந்த ஒரு சுவர், ஒரு மூலை, ஒரு கல் போதும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் போல அந்தச் சுவரும் வியர்க்கும். சுவரை ஒட்டிய காற்று நகராமல் தேங்கியிருந்தால், அறையின் நடுவில் ஈரப்பதம் 75 என்று கருவி காட்டினாலும், மூலையில் 95ஆக இருக்கும். பூஞ்சணத்துக்கு அறையின் சராசரியைப் பற்றிக் கவலையில்லை. தான் நிற்கும் ஓர் அங்குல இடத்தின் ஈரம் போதும். காற்று ஓடிக்கொண்டே இருந்தால் அந்த ஓர் அங்குலம் உருவாகவே முடியாது. கலக்கப்பட்ட காற்றில் எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே வெப்பம், ஒரே ஈரம்.

கயாசான் மண்டபத்தின் ஒவ்வோர் அமைப்பும் இந்த ஒரு வேலையைத்தான் செய்கிறது என்பது என் முடிவு. ஈரத்தை வெளியே நிறுத்த அது முயலவில்லை. ஈரத்தை எங்கேயும் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

ஜன்னல்களைப் பாருங்கள். சுவர்களில் மேல் வரிசை, கீழ் வரிசை என இரண்டு வரிசை ஜன்னல்கள். பள்ளத்தாக்கைப் பார்க்கும் முன்சுவரில் கீழ் ஜன்னல்கள் பெரியவை, மேல் ஜன்னல்களைவிடப் பல மடங்கு. மலைச்சரிவைப் பார்க்கும் பின்சுவரில் இது தலைகீழ், மேல் ஜன்னல்கள்தாம் பெரியவை. பகலில் வெயில்பட்டுச் சரிவு சூடாக, அதையொட்டிய காற்று இலேசாகி மேலேறும்; பள்ளத்தாக்கிலிருந்து புதுக்காற்று அந்த இடத்தை நிரப்ப ஏறிவரும். இது பள்ளத்தாக்குக் காற்று. இரவில் சரிவு குளிர்ந்து, கனத்த காற்று கீழே வழியும். இது மலைக்காற்று. இரண்டும் மாறி மாறி வீசும் பாதையில் மண்டபம் குறுக்கே நிற்கிறது.

பகற்காற்று முன்சுவரின் பெரிய கீழ் ஜன்னல்கள் வழியாக நிறைய நுழைகிறது. எதிரே, பின்சுவரின் கீழ்ப்பகுதியில் வழி குறுகல். நேரே வெளியேற முடியாத காற்று பக்கவாட்டில் பரவி, பலகை அடுக்குகளின் இடையே மேலேறி, பின்சுவரின் பெரிய மேல் ஜன்னல்கள் வழியே போகிறது. எல்லா ஜன்னல்களும் ஒரே அளவில் இருந்திருந்தால் தரையோடு புகுந்த காற்று தரையோடு போயிருக்கும். மேல் அடுக்குகளின் காற்று அப்படியே தேங்கியிருக்கும். பின்சுவரின் கீழ் ஜன்னல் சிறியதாக இருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. அந்தப் பக்கம் மலைச்சரிவு நெருங்கியிருக்கிறது. நனைந்த மண்ணிலிருந்து எழும் தரைமட்ட ஈரம் உள்ளே வரும் வழி அதனால் சுருங்குகிறது.

அடுக்குகளும் இந்த ஓட்டத்தில் பங்கு கொள்கின்றன. பலகைகள் படுக்கவைக்கப்படவில்லை, நூலகத்தில் புத்தகம் நிற்பதுபோல நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பலகையின் இரு முனைகளிலும் குறுக்குக் கட்டை ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். பலகையின் கனத்தைவிட அந்தக் கட்டையின் கனம் அதிகம். அதனால் இரண்டு பலகைகளை நெருக்கி நிறுத்தினாலும் கட்டைகள் மட்டும் தொட்டுக்கொள்ளும். எழுத்துள்ள முகங்கள் தொடாது. இரண்டு முகங்களுக்கும் நடுவே கீழிருந்து மேலாக ஒரு மெல்லிய இடைவெளி கிடைக்கிறது. சூடான காற்று செங்குத்தான குழாயில் தானாக மேலேறும் இயல்பைப் ‘புகைபோக்கி விளைவு’ என்பார்கள். இங்கே எண்பதாயிரம் குறும் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கின்றன.

அதே குறுக்குக் கட்டை இன்னொரு பணியையும் செய்கிறது. மரம் பருக்கும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு பருப்பதில்லை. வளர்ச்சி வளையங்களின் போக்கில் பருப்பது, மையத்திலிருந்து வெளிநோக்கிப் பருப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. பலகை குழிந்து வளைவது இந்த வேற்றுமையால்தான். முனைக் கட்டைகள் அந்த வளைவைத் தடுத்துப் பிடிக்கின்றன. மூலைகளில் செப்புத் தகடு அறைந்து இறுக்கியிருக்கிறார்கள். பலகையின் மேல் அரக்குப் பூச்சு உண்டு. அது ஈரம் நுழையும் வேகத்தைக் குறைக்கிறது. ஒருநாள் மழைக்கும் ஒருநாள் வெயிலுக்கும் பலகை துள்ளாமல், வாரங்களின் சராசரிக்கு மெல்ல இசைகிறது.

செதுக்கும் முன் மரத்தை நெடுநாள் கடல்நீரில் ஊறவைத்து, உப்புநீரில் வேகவைத்து, நிழலில் பல காலம் உலர்த்தினார்கள் என்று மரபு சொல்கிறது. அதிலும் நல்ல அறிவியல் இருக்கிறது. மரம் வெடிப்பது மேற்பகுதி முந்தி உலர்ந்து சுருங்க, உட்பகுதி ஈரத்தோடு விம்மி நிற்பதால். உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்து மேற்பகுதி உலர்வதைத் தாமதப்படுத்தும். வேகவைத்தால் பூச்சிமுட்டைகள் சாகும், பூச்சிக்கு உணவாகும் சாறும் கொஞ்சம் வெளியேறும்.

தரையைப் பற்றியும் நிறையப் பேசப்படுகிறது. மண்தரையின் அடியில் கரி, சுண்ணாம்பு, உப்பு, மணல் இடப்பட்டிருக்கிறது, அது மழையில் ஈரத்தை வாங்கி வறட்சியில் திருப்பித் தருகிறது என்பார்கள். பூசி மூடாத மண்தரை அப்படி நடந்துகொள்ளும் என்பது சரியே. ஆனால் அதைவிடப் பெரிய ஈரத் தாங்கி அந்த மண்டபத்தில் கண்ணெதிரே இருக்கிறது: பலகைகளே அது. ஒரு பலகை சராசரியாக மூன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்றால், எல்லாம் சேர்த்து 270 டன்னுக்கு மேல் மரம். அதன் ஈரம் ஒரே ஒரு விழுக்காடு கூடினாலும் இரண்டரை டன்னுக்கு மேல் தண்ணீரை அது காற்றிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு பலகையும் மற்றப் பலகைகளைக் காக்கிறது. தனியாக எடுத்து வேறிடத்தில் வைத்த பலகைக்கு இந்தத் துணை கிடையாது.

வேறிடத்தில் வைத்தும் பார்த்தார்கள். 1970களில், பழைய மர மண்டபம் தீப்பிடித்தால் என்னாவது என்ற நியாயமான அச்சத்தில், மடாலய வளாகத்திலேயே நவீனக் கான்கிரீட் கிடங்கு ஒன்றை அரசு கட்டியது. சோதனைக்காகச் சில பலகைகளை அங்கே மாற்றினார்கள். அவற்றில் பூஞ்சணமும் வளைவும் தோன்றின. பலகைகள் பழைய இடத்துக்கே திரும்பின. புதிய கட்டடம் பிறகு துறவிகளின் தியானக் கூடமாயிற்று. இந்தச் சம்பவத்தைப் பழமையின் வெற்றி, நவீனத்தின் தோல்வி என்று கொண்டாடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அறிவியலின் முறைப்படி அது மிகச் சிறந்த ஒப்பீட்டுச் சோதனை. அதே மலை, அதே மழை, அதே மரம்; மாறியது சுவரும் காற்றோட்டமும், கூட நின்ற பலகைகளின் துணையும்தான். விளைவு மாறியது. காரணம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மொத்தப் பலகைகளையும் ஒரேயடியாக மாற்றாமல் சிலவற்றை மட்டும் வைத்துப் பார்த்தவர்களின் நிதானத்தைப் பாராட்ட வேண்டும்.

இதே நிதானம் இல்லாமல் போன கதை கிழக்கே தொஹாம்சான் மலையில் இருக்கிறது. க்யோங்ஜு நகருக்கு அருகே, 8ஆம் நூற்றாண்டில் சில்லா அரசின் அமைச்சர் கிம் தேசோங் எழுப்பிய சொக்குராம் என்ற கருங்கல் குகைக்கோயில் அது. பாறையைக் குடையாமல், கருங்கற்களை அடுக்கிக் குவிமாடம் அமைத்து, மேலே மண் மூடிய செயற்கைக் குகை. உள்ளே அமர்ந்த புத்தர். அது சிதைந்திருந்த நிலையில், ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் 1913 முதல் 1915 வரை கல்கல்லாகப் பிரித்து மறுபடி கட்டினார்கள். வெளிப்புறம் முழுவதையும் தடித்த கான்கிரீட் ஓட்டால் மூடினார்கள். அன்றிலிருந்து ஈரம் பிடித்தது. நீர் கசிந்தது, சிற்பங்களில் பனி படிந்தது, பாசி வளர்ந்தது. 1927இல் நீராவியைப் பீய்ச்சிப் பாசியை அகற்றினார்கள். அது கல்லுக்கே கேடு. 1960களின் தொடக்கத்தில் கொரிய அரசு அதற்கு மேல் இன்னொரு கான்கிரீட் குவிமாடத்தை எழுப்பியது. வியர்ப்பது நிற்கவில்லை. 1966இல் குளிர்சாதனக் கருவி வந்தது. இன்றும் கருவி ஓட, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் புத்தரைப் பார்க்க வேண்டும்.

பழைய சொக்குராம் ஏன் வியர்க்கவில்லை என்பதற்குக் கொரிய அறிஞர்கள் சிலர் அழகான விளக்கம் ஒன்றைத் தருகிறார்கள். குகையின் அடியே மலை ஊற்று ஓடியது. அதன் குளிர்ச்சியால் தரைக்கற்கள் சிற்பங்களைவிடக் குளிர்ந்திருந்தன. காற்றின் ஈரம் முதலில் தரையிலேயே படிந்துவிட, சிற்பங்கள் உலர்ந்தே இருந்தன என்பது அந்த விளக்கம். திருப்பணியின்போது ஊற்றுநீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். இந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதன் இயற்பியலில் பிழையில்லை: பனி எப்போதும் மிகக் குளிர்ந்த பரப்பைத்தான் முதலில் தேடும். பிரித்துக் கட்டும் முன்பு குகைக்குள் வெப்பத்தையும் ஈரத்தையும் ஓராண்டு அளந்து வைத்திருந்தால் இந்த விவாதமே தேவைப்பட்டிருக்காது. அந்த இழப்பு எனக்கு வேதனை தருகிறது.

ஹேயின்சாவில் அளந்திருக்கிறார்கள். மண்டபத்தின் பல இடங்களில், பல உயரங்களில் உணர்விகள் வைத்து வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதிவு செய்திருக்கிறார்கள். வெளியே ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும் நாட்களிலும் உள்ளே அது தணிந்திருக்கிறது என்பதும், இடத்துக்கு இடம் வேற்றுமை குறைவு என்பதும் அதில் தெரிந்தன. கட்டடத்தைக் கணினியில் அமைத்துக் காற்றின் ஓட்டத்தைக் கணக்கிட்டும் பார்த்திருக்கிறார்கள்.

மரத்தைப் பற்றிய நம்பிக்கை ஒன்று நுண்ணோக்கியின் கீழே மாறிப்போனதையும் சொல்ல வேண்டும். பலகைகள் பிர்ச் மரத்தால் ஆனவை என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். மரவியல் அறிஞர் பாக் சாங்-ஜின், பலகைகளிலிருந்து கிடைத்த மிகச் சிறு துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ஒவ்வொரு மர இனத்துக்கும் அதன் நீர்க்குழல்களின் அமைப்பும், குழல்கள் ஒன்றோடொன்று சேரும் துளைகளின் வடிவமும் தனி அடையாளம். பெரும்பான்மை காட்டுச் செர்ரி, அடுத்துக் காட்டுப் பேரி என்று முடிவு வந்தது. பிர்ச் சிறு பங்குதான். செர்ரி, பேரி இரண்டும் குழல்கள் சீராகப் பரவிய, நெருக்கமான, கத்திக்கு இணங்கும் மரங்கள். நுண்ணெழுத்துச் செதுக்க ஏற்றவை. இவை கொரியாவின் தென்பகுதி மலைகளில் தாராளமாகக் கிடைப்பவை என்பதால், பலகைகளைச் செதுக்கிய இடம் கங்ஹ்வாவா, வேறிடமா என்ற வரலாற்றுக் கேள்வியும் அதோடு மறுபடி திறந்தது.

இந்த மண்டபங்களும் சொக்குராமும் 1995இல், ஒரே ஆண்டில், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன; பலகைகள் 2007இல் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. 2021இலிருந்து முன்பதிவு செய்தவர்கள் சிறு குழுக்களாக வார இறுதியில் மண்டபத்துக்குள் போகவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. கொரியா செல்லும் வாய்ப்புக் கிடைத்தால் ஹேயின்சாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கோடையில், மழை விட்ட ஒரு பகற்பொழுதில் போவது நல்லது. இரண்டு மண்டபங்களுக்கும் நடுவிலுள்ள முற்றத்தில் நின்றால், ஒரு பக்கம் சுதாராஜாங்கின் பின்சுவர், மறுபக்கம் பொப்போஜோனின் முன்சுவர். சிறிய ஜன்னல் எந்த வரிசையில், பெரியது எந்த வரிசையில் என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே போக முன்பதிவு கிடைக்காவிட்டாலும், மரச்சட்டங்களின் இடைவெளி வழியாகப் பலகை அடுக்குகளைப் பார்க்கலாம்.